அடிமைக் கப்பலில் ஒரு விசுவாசி

1748-ம் ஆண்டு மார்ச் மாதம் 21-ந் தேதி. அட்லாண்டிக் மாகடல். விடிய இன்னும் நேரம் இருந்தது.

'கிரேஹவுண்டு' என்ற ஆங்கிலேயக் கப்பல் ஆப்பிரிக்காவில் தந்தமும், தேன்மெழுகும், சாயமரமும் ஏற்றிக்கொண்டு, இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டு இருந்தது. கப்பலின் அறை ஒன்றில் 22 வயது வாலிபன் ஒருவன் தூங்கிக்கொண்டு இருந்தான். அவன் பெயர் ஜான் நியூட்டன்.

திடீர் என்று ஒரு பேரலை கப்பலை அறைந்தது. நியூட்டன் கண் விழித்தபோது, அறைக்குள் தண்ணீர் கொட்டிக்கொண்டு இருந்தது. கப்பல் மூழ்குகிறது என்று மேலே ஒரே கூச்சல்!

அவன் பதறி எழுந்து ஏணியில் ஏறினான். எதிரே வந்த கேப்டன், ஒரு கத்தி எடுத்து வரும்படி சொன்னார். நியூட்டன் கத்தி எடுக்கத் திரும்பினான். அவனுக்குப் பதிலாக இன்னொருவன் மேலே ஏறினான். ஏறியவனை அலை வாரிக்கொண்டு போய்விட்டது.

கப்பலின் ஒரு பக்கம் பிளந்து கிடந்தது. மாலுமிகள் உடுத்தும் துணிகளையும் படுக்கைகளையும் ஓட்டைகளில் திணித்துப் பலகை அடித்தார்கள். மெழுகும் மரமும் தண்ணீரில் மிதக்கும் சரக்கு. அதனால்தான் கப்பல் உடனே மூழ்கவில்லை.

அலை அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, நியூட்டன் தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டான். அதிகாலை 3 மணி முதல் நண்பகல் வரை பம்பு அடித்துத் தண்ணீரை இறைத்தான்.

இடையில் கேப்டனிடம் ஏதோ பேசும்போது, கடவுள்தான் இரங்கவேண்டும் என்று அவன் வாயில் வந்துவிட்டது. சொன்ன மாத்திரத்தில் அவனே திடுக்கிட்டான். ஏன் என்றால், அந்தக் கப்பலிலேயே கடவுளை அதிகமாகக் கேலி செய்தவன் அவன்தான்!

தாயை இழந்தவன்

நியூட்டன் 1725-ம் ஆண்டு லண்டனில் பிறந்தான். தந்தை கப்பல் கேப்டன். வீட்டில் தங்குவதே அபூர்வம். தாய் எலிசபெத் பக்தி மிகுந்தவள். மகனை மடியில் உட்காரவைத்து வேதம் சொல்லிக்கொடுத்தாள். அவன் பாதிரியாராக வரவேண்டும் என்பது அவள் ஆசை.

அவனுக்கு 7 வயது நிறையும் முன்பே காசநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது.

11 வயதில் அவன் தந்தையோடு கப்பல் ஏறினான். 17 வயதில், தாயின் தோழி வீட்டுக்குப் போன இடத்தில் மேரி என்ற சிறுமியைக் கண்டான். அவளுக்கு அப்போது 14 வயதுகூட ஆகவில்லை. அவளை மணந்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டான். அவள் வீட்டிலேயே நாட்களைக் கடத்தியதால், தந்தை வேலைக்கு ஏற்பாடு செய்திருந்த கப்பலையும் கோட்டைவிட்டான்.

1744-ல் கடற்படைக்கு ஆள் பிடிப்பவர்கள் அவனைப் பிடித்துப் போர்க்கப்பலில் ஏற்றினார்கள். அங்கே ஒரு நாத்திக நண்பனின் பழக்கம் ஏற்பட்டது. தாய் சொல்லிக்கொடுத்தது எல்லாம் காற்றில் போயிற்று. கப்பலை விட்டு ஓடினான், பிடிபட்டான். எல்லோர் முன்னிலையிலும் சட்டையைக் கழற்றிச் சாட்டையால் அடித்தார்கள்.

பிறகு ஒரு அடிமைக் கப்பலுக்கு மாறி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போனான். அங்கே சியரா லியோன் அருகே ஒரு தீவில், அடிமை வியாபாரி ஒருவனிடம் வேலைக்கு அமர்ந்தான்.

அடிமைகள் போட்ட சோறு

வேலைக்குப் போனவன் நோயில் விழுந்தான். வியாபாரியின் மனைவி அவனை நாயிலும் கேவலமாக நடத்தினாள். காய்ச்சலில் கிடந்தவனுக்குத் தண்ணீர் கிடைப்பதே கஷ்டம். அவள் தின்று மீந்த எச்சிலை வீசுவாள். பசி பொறுக்கமாட்டாமல், இரவில் தோட்டத்துக்குப் போய்க் கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றான்.

அப்போது அவனுக்கு இரக்கம் காட்டியவர்கள் யார், தெரியுமா? விற்பனைக்காகச் சங்கிலியில் கட்டிக் கிடந்த ஆப்பிரிக்க அடிமைகள்! அவர்களுக்குக் கிடைப்பதே அரை வயிற்றுச் சாப்பாடு. அதில் இருந்து எடுத்து, யாருக்கும் தெரியாமல் அவனுக்குக் கொடுத்தார்கள். இதைப் பிற்காலத்தில் நியூட்டனே எழுதி வைத்தார்.

உடம்பு தேறியதும் அவனை எலுமிச்சைச் செடி நடும் வேலையில் போட்டார்கள். ஒருநாள் வியாபாரி அந்தப் பக்கம் வந்தான். இந்தச் செடி காய்க்கும் காலத்தில், நீயும் கப்பல் கேப்டனாகி இங்கே பழம் பறிக்க வருவாயாக்கும் என்று எகத்தாளம் செய்தான்.

கிண்டலாகச் சொன்னது பிறகு அப்படியே நடந்தது.

மகனைத் தேடி அழைத்துவரும்படி தந்தை ஒரு கேப்டனிடம் கேட்டுக்கொண்டு இருந்தார். அந்தக் கேப்டனின் கப்பல்தான் 'கிரேஹவுண்டு'.

கரை சேர்ந்தான்

புயலில் அடிபட்ட கப்பல் ஏறத்தாழ 4 வாரம் தத்தளித்தது. ஆடு, கோழி எல்லாம் கடலோடு போய்விட்டன. இத்தனை கஷ்டத்துக்கும் கடவுளை நிந்தித்த இந்தப் பயல்தான் காரணம் என்றார் கேப்டன். அவனைத் தூக்கிக் கடலில் போட்டால் என்ன என்றுகூடப் பேசினார்.

ஏப்ரல் மாதம் கப்பல் அயர்லாந்துக் கரையைத் தொட்டது. கடைசிச் சாப்பாடு அடுப்பில் கொதித்துக்கொண்டு இருந்தது. நங்கூரம் போட்டு 2 மணி நேரத்துக்குள் மறுபடியும் பெருங்காற்று கிளம்பியது. இன்னும் கொஞ்சம் தாமதித்து இருந்தால் ஒருவர்கூடத் தப்பி இருக்க முடியாது.

அந்த 4 வாரத்தில் நியூட்டன் வேதத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தான். ஏசுநாதர் சிலுவையில் உயிர் விட்டது தன்னைப்போன்ற பாவிக்காகத்தான் என்று நம்பத் தொடங்கினான். கரை இறங்கியதும் கோவிலுக்குப் போய்ப் பிரார்த்தனை செய்தான். கெட்ட வார்த்தை பேசுவதை விட்டான். அதன்பிறகு மார்ச் 21-ந் தேதியை அவன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. ஆண்டுதோறும் அன்று பிரார்த்தனை செய்வது வழக்கம் ஆயிற்று.

கதை இங்கே முடிந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பக்திப் புத்தகங்கள் பலவற்றில் இங்கேதான் முடிகிறது. கெட்டவன் திருந்தினான், சுபம்!

ஆனால் உண்மை அப்படி இல்லை.

மேலே பிரார்த்தனை, கீழே சங்கிலி

அதே 1748-ம் ஆண்டில் நியூட்டன் மீண்டும் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். இந்தத் தடவை அடிமைக் கப்பலின் துணை அதிகாரியாக! திரும்பி வந்து 1750-ல் மேரியை மணந்தார். அதே ஆண்டில் 'டியூக் ஆப் ஆர்கைல்' என்ற அடிமைக் கப்பலுக்குக் கேப்டன் ஆனார். அதன்பின் 'ஆப்பிரிக்கன்' என்ற கப்பலில் 2 தடவை போனார்.

ஆப்பிரிக்காவில் ஆண்களையும் பெண்களையும் சிறுவர்களையும் விலைக்கு வாங்கி, கடலைக் கடந்து, மேற்கிந்தியத் தீவுகளில் விற்பது அவர் தொழில். சோறு போட்டுத் தன் உயிரைக் காப்பாற்றிய அதே மக்களை!

அவர் வேஷதாரியா என்றால், அப்படியும் சொல்லமுடியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலுமிகளைக் கூட்டி 2 வேளை பிரார்த்தனை நடத்தினார். தனியாக உட்கார்ந்து வேதம் படித்தார். மனைவிக்கு உருகி உருகிக் கடிதம் எழுதினார். அவர் உட்கார்ந்து எழுதிய இடத்துக்குக் கீழே, மரத்தட்டுகளில் மனிதர்கள் இரண்டு இரண்டு பேராக விலங்கிட்டுக் கிடந்தார்கள்.

1752-ம் ஆண்டு டிசம்பரில் ஒருநாள் அடிமைகள் கலகம் செய்யத் திட்டம் போட்டு இருப்பது தெரிந்தது. கீழ்த்தட்டைச் சோதனை போட்டதில் கத்தி, கல், உளி எல்லாம் அகப்பட்டன. உண்மையைக் கக்கவைக்க, சிறுவர்களின் கட்டைவிரலைத் திருகாணிக் கருவியில் வைத்து நசுக்கச் செய்தார் நியூட்டன். அன்றைய கப்பல் குறிப்பில், சதி முன்கூட்டியே தெரிந்தது கடவுளின் தயவு என்று எழுதினார்.

நாத்திகனாக இருந்தபோது எழுதியது அல்ல இது. விசுவாசியாகி ஏறத்தாழ 5 ஆண்டு ஆனபிறகு எழுதியது.

பவுலும் யாக்கோபும்

கிறிஸ்தவ மதத்தில் இது ஒரு பழைய கேள்வி. மனிதன் எதனால் இரட்சிக்கப்படுகிறான்? விசுவாசத்தாலா, கீழ்ப்படிந்து நடப்பதாலா?

மனிதன் தன் நற்செயலைக் காட்டிக் கடவுளிடம் கூலி கேட்கமுடியாது; இரட்சிப்பு இலவசமாக வரும் கிருபை, அதை விசுவாசத்தால் ஏற்றுக்கொள்வதே வழி என்று பவுல் தம் நிருபங்களில் வாதாடினார். செயலில் காட்டாத விசுவாசத்தில் உயிர் இருக்காது என்று யாக்கோபு வாதாடினார். இருவர் எழுதியதும் ஒரே பைபிளில்தான் இருக்கின்றன. 16-ம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மதச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூதர், பவுலின் பக்கம் உறுதியாக நின்றார். யாக்கோபின் நிருபம் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும், உண்மையான விசுவாசம் சும்மா இருக்காது, நல்ல செயலைப் பிறப்பிக்கும் என்றுதான் லூதரும் சொன்னார்.

மரம் நல்லதாக இருந்தால் பழம் வரும். பழம் வந்ததால் மரம் உண்டாகவில்லை. ஆனால் பழமே இல்லாவிட்டால் அது என்ன மரம்? சுருக்கமாகச் சொன்னால் வழக்கு இதுதான்.

நியூட்டன் பவுலின் கட்சி, லூதரின் கட்சி. தன்னைப்போன்ற ஒருவனைக் காப்பாற்ற, கிருபையைத் தவிர வேறு எதுவும் போதாது என்று நம்பினார். அதே சமயம், விசுவாசம் இருந்தால் போதும், எப்படியும் நடக்கலாம் என்று சொன்னவர்களை அவருக்கு ஆகாது. விசுவாசம் வளருவதைப் பயிருக்கு ஒப்பிட்டு அவர் கடிதங்கள் எழுதி இருக்கிறார். முதலில் முளை. பிறகு கதிர். பிறகுதான் முற்றிய மணி. முளையில் மணி இல்லையே என்று அதைப் பயிர் இல்லை என்று சொல்லலாமா?

நல்ல வாதம்தான். ஆனால் கதிர் முற்றும் வரை கப்பலின் கீழ்த்தட்டில் கிடந்தவர்கள் பாடு?

நோய் தடுத்தது

கடல் தொழிலை நியூட்டன் விட்டது மனச்சாட்சி உறுத்தியதால் அல்ல. 1754-ம் ஆண்டு நவம்பர் மாதம், அடுத்த பயணத்துக்குத் தயாராக இருந்தார். வீட்டில் மனைவியோடு தேநீர் அருந்திக்கொண்டு இருந்தபோது, வலிப்பு வந்து கீழே விழுந்தார். இனிக் கப்பல் ஏறக்கூடாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள்.

மறு ஆண்டு லிவர்ப்பூல் துறைமுகத்தில் சுங்க உத்தியோகம் கிடைத்தது. ஓய்வு நேரத்தில் கிரேக்கமும் எபிரேயமும் படித்தார். பாதிரியார் ஆக விரும்பி மனுப் போட்டார். மேல் அதிகாரிகள் தட்டிக்கழித்தார்கள். பல ஆண்டு காத்திருந்தபின், 1764-ல் குரு பட்டம் கிடைத்தது. ஓல்னி என்ற சிற்றூரில் வேலை. தாயின் ஆசை, அவள் இறந்து 32 ஆண்டுக்குப் பிறகு நிறைவேறியது.

அந்த ஆண்டிலேயே அவர் தன் கதையை ஒரு புத்தகமாக வெளியிட்டார். அதில் ஒரு இடம் முக்கியமானது. புயலில் தப்பியபோது தன்னை முழு அர்த்தத்தில் ஒரு விசுவாசி என்று சொல்லமுடியாது. அது வெகுகாலம் கழித்துத்தான் வந்தது என்று எழுதினார்.

அடிமை வியாபாரத்தைப் பற்றியும் அதில் எழுதினார். அது தவறு என்று அந்த நாளில் தனக்குத் தோன்றவே இல்லையாம். கௌரவமான தொழிலாக ஊரில் மதிக்கப்பட்டது. ஆனால் சங்கிலியும் பூட்டுமாக ஒரு சிறை அதிகாரியைப்போல் இருப்பது மட்டும் பிடிக்கவில்லையாம். வேறு தொழில் கொடு என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டது உண்டாம்.

பெரிய பாவங்களில் இதுதான் வேடிக்கை. குடியும் கெட்ட வார்த்தையும் பாவம் என்று எல்லோருக்கும் தெரியும். திருந்தியவன் அவற்றை உடனே விட்டுவிடுகிறான். ஊரே சேர்ந்து கௌரவம் என்று சொல்லும் பாவம் கண்ணில் படுவது இல்லை.

பாட்டு எழுதினார்

ஓல்னி மக்கள் ஏழைகள். வீட்டில் உட்கார்ந்து கைப்பின்னல் 'லேஸ்' செய்து பிழைத்தவர்கள். நியூட்டன் அவர்கள் வீடு வீடாகப் போனார். கப்பல்காரர் பாஷையில் எளிமையாகப் பிரசங்கம் செய்தார். கூட்டம் கொள்ளாமல் கோவிலில் பரண் கட்ட வேண்டியதாயிற்று. மனநோயால் வாடிய கவிஞர் வில்லியம் கூப்பரைப் பல ஆண்டு பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து பாட்டுகள் எழுதினார்கள். அவை 1779-ல் புத்தகமாக வந்தன.

அவற்றில் ஒன்று, 1773-ம் ஆண்டு புத்தாண்டு தினத்துக்காக நியூட்டன் எழுதியது. கெட்டுப்போன ஒருவனைக் கிருபை கைதூக்கி விட்டதைச் சொல்லும் பாட்டு. 'அமேசிங் கிரேஸ்' என்று உலகம் முழுவதும் பாடுகிறார்களே, அதுதான்! அமெரிக்காவில் அடிமைகளின் வழிவந்த மக்களும் அதைத் தங்கள் பாட்டாக்கிக்கொண்டார்கள். பாட்டை எழுதிய நாளில், அடிமை வியாபாரத்தைக் கண்டித்து நியூட்டன் எதுவும் வெளியிட்டு இருக்கவில்லை.

மறு ஆண்டு, 1774-ல், பிரபல பிரசங்கி ஜான் வெஸ்லி அடிமை முறையைச் சாடி ஒரு சிறு நூல் வெளியிட்டார். வெஸ்லி அடிமைக் கப்பலில் கால் வைத்தவர் அல்ல. அதில் கேப்டனாக இருந்தவரோ இன்னும் 14 ஆண்டு பேனாவை எடுக்கவில்லை.

இரவில் வந்த விருந்தாளி

1780-ல் நியூட்டன் லண்டனுக்கு மாறினார். வியாபாரிகளும் பாங்கிகளும் நிறைந்த லம்பார்டு தெருவில் கோவில்.

1785-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒரு வாலிபர் ரகசியமாக அவரைத் தேடி வந்தார். பார்லிமெண்டு மெம்பர் வில்லியம் வில்பர்போர்ஸ்; வயது 26. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில், சதுக்கத்தை ஓரிரு தடவை சுற்றியபிறகே கதவைத் தட்டினார். அவர் மனதில் புதிதாகப் பக்தி பிறந்து இருந்தது. அரசியலை விட்டுவிட்டு மத வேலையில் இறங்கலாமா என்பது அவர் கேள்வி.

வேண்டாம், பார்லிமெண்டிலேயே இருங்கள் என்றார் நியூட்டன். கடவுள் அங்கேதான் உங்களுக்கு வேலை வைத்திருக்கிறார் என்றார்.

அவர் சொன்ன வேலை நல்ல வேலையாயிற்று. 1787-ல் லண்டனில் அடிமை வியாபார ஒழிப்புச் சங்கம் ஏற்பட்டது. பார்லிமெண்டில் அதற்காகப் பேச வில்பர்போர்ஸ் முன்வந்தார். ஆனால் எதிர்த்தரப்பினர், அடிமைகள் கப்பலில் சுகமாகவே வருகிறார்கள் என்று சாதித்தார்கள். நேரில் பார்த்தவன் சாட்சி தேவைப்பட்டது.

சாட்சி சொன்ன கேப்டன்

1788-ல், 62 வயதில், நியூட்டன் ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அதன் பிரதி ஒவ்வொரு பார்லிமெண்டு மெம்பருக்கும் போயிற்று.

அதில் அவர் தன்னை விட்டுவைக்கவில்லை. இந்தக் கொடுமைக்குத் தானும் ஒரு கருவியாக இருந்ததை ஒப்புக்கொண்டார். இந்த ஒப்புதல் காலம் கடந்து வருகிறது என்பதையும் ஒப்புக்கொண்டார். நினைக்கும்போதெல்லாம் தலைகுனிய வைக்கும் விஷயம் அது என்றார்.

பிறகு, கண்ட காட்சிகளை எழுதினார். கீழ்த்தட்டின் உயரமே 5 அடிதான். அதற்கும் குறைவாக இருப்பதும் உண்டு. அதையும் நடுவில் பலகை போட்டு இரண்டாக்கி, மேலும் கீழுமாக மனிதர்களை அடுக்குவார்கள். புரண்டு படுக்க இடம் கிடையாது. காலையில் போய்ப் பார்த்தால், ஒரே விலங்கில் உயிரோடு இருப்பவனும் செத்தவனும் சேர்ந்து கிடப்பார்கள்.

ஒரு கொடுமையைப் படித்துவிட்டு மறப்பது கடினம். ஒரு கப்பல் அதிகாரி, ஒரு வயதுக் குழந்தையோடு ஒரு தாயை விலைக்கு வாங்கிப் படகில் ஏற்றினான். இரவில் குழந்தை அழுதது. தூக்கம் கெடுகிறது என்று, தாயின் கையில் இருந்து குழந்தையைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிட்டான். தாயைக் கொல்லவில்லை. அவளுக்குத்தான் விலை உண்டே!

அந்த ஆண்டிலேயே அரசரின் ஆலோசனை சபை முன்பும், 1790-ல் பார்லிமெண்டு கமிட்டி முன்பும் நியூட்டன் நேரில் சாட்சி சொன்னார். 1790-ம் ஆண்டு டிசம்பரில் மேரி புற்றுநோயால் இறந்தாள். அந்தத் துக்கத்திலும் அவர் பிரசங்கத்தை நிறுத்தவில்லை.

வில்பர்போர்ஸ் கொண்டுவந்த மசோதாக்கள் வரிசையாகத் தோற்றன. 1796-ல் 4 ஓட்டில் தோல்வி! மனம் உடைந்து, பதவியை விட்டுவிட நினைத்தார் வில்பர்போர்ஸ். முன்பு கதவைத் தட்டியபோது சொன்னதையே, 71 வயதை எட்டிய நியூட்டன் மறுபடியும் கடிதத்தில் எழுதினார். சிங்கக் குகையில் போடப்பட்ட தானியேலைக் காட்டி, விடாமல் நில்லுங்கள் என்று தைரியம் சொன்னார்.

வில்பர்போர்ஸ் நின்றார். 1807-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி, கீழ்ச்சபையில் மசோதாவுக்கு ஆதரவாக 283 ஓட்டு, எதிராக 16. மார்ச் 25-ந் தேதி அது சட்டம் ஆயிற்று. ஆங்கிலேயக் கப்பல்கள் அடிமை வியாபாரம் செய்வது குற்றம் என்று ஆயிற்று. ஏற்கனவே அடிமையாக இருந்தவர்களை விடுவிக்கும் சட்டம் வர 1833 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

புயல் அடித்த நாளுக்கும் இந்தச் சட்டம் வந்த நாளுக்கும் இடையே 59 ஆண்டு. நியூட்டனுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. ஞாபகமும் தப்பிக்கொண்டு இருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் மாதம் 21-ந் தேதி அவர் இறந்தார். வயது 82.

லண்டன் கோவிலிலேயே, மேரியின் அருகில் அவரை அடக்கம் செய்தார்கள். 1893-ல் இருவர் உடல்களும் ஓல்னிக்குக் கொண்டுபோகப்பட்டன.

தன் நினைவுக்கல்லில் பொறிக்க வேண்டியதை நியூட்டன் தானே எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒரு காலத்தில் நாத்திகனாகவும் நெறிகெட்டவனாகவும் திரிந்தது, ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியனாகக் கிடந்தது, கடவுளின் இரக்கத்தால் மன்னிப்புப் பெற்றது, தான் அழிக்கப் பார்த்த விசுவாசத்தையே பிரசங்கிக்க நியமிக்கப்பட்டது எல்லாம் அதில் இருக்கிறது. அடிமைக் கப்பலுக்குக் கேப்டனாக இருந்தது மட்டும் இல்லை. அதற்கு, 1788-ல் அவர் அச்சிட்ட சிறு புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.